மகன் பாலைவன ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறான்

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. வயது 66. கணவர் தவறிய பிறகு யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தில் தனியாக இருக்கிறேன். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் குளிசை எடுக்கிறேன், இரவில் இன்சுலினும் போடுகிறேன். ஒரே மகன், 33 வயது, ஆண் தாதி. அவுஸ்திரேலியாவில் நிரந்தர வதிவிடம் எடுக்கப் பெருநகரங்களுக்கு வெளியே வேலை செய்ய வேண்டும் என்று அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போனான். நாட்டின் நட்டநடுவில், சுற்றிவரப் பாலைவனம். அங்கே சிறுநீரக நோயாளருக்கு மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் வேலை. கொஞ்சக் காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மெல்பேர்ணுக்கு வந்துவிடுவான், சொந்தக்காரர் எல்லாரும் அங்கேதானே என்று நம்பியிருந்தேன். இப்போது வதிவிடம் கைக்கு வந்த பிறகு, "எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு அம்மா, நான் வரேல்லை" என்கிறான். பாலை என்றால் பிரிவு, கொடுவெயில், ஆறலைக்கள்வர் என்று காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். பொம்பிளை பார்க்கக் கேட்ட இடங்களில் "பாலைவனத்திலயோ?" என்பதோடு கதை நின்றுவிடுகிறது. 1995 போர் இடப்பெயர்வில் சின்னப் பிள்ளையாக எங்களோடு அலைந்தவன். அவன் மனத்தில் ஏதும் வருத்தமா? என்னையும் வந்து ஆறு மாதம் இருக்கச் சொல்கிறான். நெடுந்தீவில் கஷ்டப் பிரதேச சேவை செய்தபோது வெயில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அப்போது இளவயது. இப்போது இந்த உடம்பு தாங்குமா?

பதில்:

ரீச்சர், உங்கள் கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசித்தேன். பாலைவன ஊரில் வாழப் பிடித்திருப்பது ஒரு வருத்தம் இல்லை. உலகத்தில் கோடிக்கணக்கான சனம் அப்படியான இடங்களில் பரம்பரை பரம்பரையாக இருக்கிறது. கட்டாயத்தில் இருப்பவர்களும் உண்டு, விரும்பி இருப்பவர்களும் உண்டு. உங்கள் மகன் இரண்டாவது வகை போலத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு தாய்க்குச் சந்தேகம் வந்தால் அதைத் தட்டிவிடக் கூடாது. எதைப் பார்த்து அவன் நலமாக இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பாலைத் திணையை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். இருந்தாலும் ஒன்றைக் கேட்கிறேன். அந்தப் பாட்டுகளில் பேசுகிறவர்கள் யார்? பொருள் தேடி அந்த வழியால் போகிற தலைவன், வீட்டில் இருந்து ஏங்குகிற தலைவி, தோழி, பிள்ளையைப் போகவிட்டுத் தவிக்கிற நற்றாய். அங்கேயே குடியிருந்த எயினரும் மறவரும் பெரும்பாலும் வழிப்போக்கர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரித்தான் வருகிறார்கள். கடந்து போகிறவருக்கு அந்த நிலம் கொடியதுதான். அங்கே அடுப்பு மூட்டி, பிள்ளை வளர்த்து, கிணறு தோண்டி இருந்தவரைக் கேட்டால் வேறு கதை வந்திருக்கும். உங்கள் கடிதம் நற்றாய் கூற்று. மகன் இப்போது அங்கே குடியிருப்பவன். இரண்டு பேரும் ஒரே நிலத்தைத்தான் சொல்கிறீர்கள்.

குடியிருப்பவர் பக்கத்தை நான் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். இளவயதில் ஓமானின் உள்நாட்டில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் டொக்டராக வேலை செய்தேன். அங்கே ஊர் நிற்பதே பலஜ் என்கிற கால்வாயில். மலையடியில் நிலத்தடி நீரைப் பிடித்து, நிலத்துக்குக் கீழால் கால்வாய் வெட்டி, சாய்வை மட்டும் நம்பி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஓமானில் இன்றும் ஏறக்குறைய 3,000 பலஜ்கள் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தண்ணீர் ஊருக்குள் வருகிற முதல் இடம் குடிக்க அள்ளுவதற்கு. பிறகு பள்ளிவாசலுக்கும் குளிக்கவும். அதற்குப் பிறகுதான் தோட்டம். தோட்டத்திலும் பேரீச்சைக்குத்தான் முதலிடம். வரட்சி வந்தால் தானியமும் புல்லும் போடுகிற நிலத்தைக் குறைத்துக்கொள்வார்கள், பேரீச்சையில் கை வைக்க மாட்டார்கள்.

பங்கு அளப்பது நேரத்தால். வெளியான இடத்தில் ஒரு கம்பு நட்டு, அதன் நிழல் போகிற வழியில் அடையாளம் வைத்திருப்பார்கள். முந்தி இரவு முறைக்கு நட்சத்திரம் பார்த்தார்கள். நான் இருந்த காலத்தில் கைக்கடிகாரம் வந்துவிட்டது, ஆனால் வயதானவர்கள் நிழலைத்தான் நம்பினார்கள். ஒரு முதியவர் நிழல் அடையாளத்தைத் தொடும்வரை சுவரோரம் குந்தியிருப்பார். தொட்டதும் எழும்பிப் போய், தன் தோட்டத்து வாய்க்கால் வாயை அடைத்திருந்த தட்டைக் கல்லையும் பழந்துணியையும் தூக்கி அடுத்த பக்கத்தில் வைத்து அடைப்பார். முறை முடிந்த ஆள் அந்த இடத்தில் நிற்கவே மாட்டார். தன் நேரத்துக்கு மேல் ஒரு சொட்டு எடுக்க நினைத்தால் மறுநாள் ஊரில் தலை காட்ட முடியாது.

இது எங்களுக்குப் புதினம் இல்லை. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கி நிற்பதை நம்பித்தான் எங்கள் கிணறுகள். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கும். பங்குக் கிணற்றில் இறைப்பு முறை வைத்துத்தான் நடந்தது. அதில் சண்டை பிடித்துக் கோட்டுக்குப் போன குடும்பங்களும் உண்டு, அங்கேயும் உண்டு. ஆனால் தண்ணீர் குறைந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியாமல் வாழ ஏலாது. பாலைவன ஊர்களின் ஈர்ப்பு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். மணல்மேடும் சூரிய அஸ்தமனமும் சுற்றுலா வருகிறவருக்கு. இருக்கிறவரைப் பிடித்து வைப்பது, அந்த ஊரில் தான் ஒரு ஆளாகக் கணக்கில் இருக்கிறேன் என்ற நிச்சயம்.

பெண் டொக்டர் என்பதால் முற்பகலில் பெண்கள் கூடுகிற இடங்களுக்கு என்னை அழைப்பார்கள். வெயில் ஏற முன்னம் ஒரு வீட்டில் சேர்வார்கள். முதலில் பேரீச்சம்பழம், பிறகு ஏலக்காய் போட்ட கோப்பி, பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய் அளவு. போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். யார் வரவில்லை என்று அங்கே உடனே தெரிந்துவிடும். வராதவருக்குக் காய்ச்சலா, பிள்ளை பிறக்கப்போகிறதா என்று பார்க்க ஒருவர் அப்போதே எழும்பிப் போவார். மெல்பேர்ண் போன்ற நகரத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு வேலை செய்துகொண்டு, அடுத்த கதவில் யார் இருக்கிறார் என்று தெரியாமல் இருப்பதையும் எத்தனையோ பேர் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். சொந்தக்காரர் இருக்கிற ஊரிலும் தனிமை வரும், ரீச்சர்.

சரி, மகன் இருக்கிற ஊருக்கு வருகிறேன். அலிஸ் ஸ்பிரிங்ஸ் அறெர்ண்ட மக்களின் நிலம். எந்தப் பெரிய நகரத்துக்கும் பக்கத்தில் இல்லை: தெற்கே அடிலெய்ட், வடக்கே டார்வின், இரண்டும் 1,500 கிலோமீற்றர் அளவு தூரம். வருசத்துக்குச் சராசரியாக 280 மில்லிமீற்றர் அளவில்தான் மழை. யாழ்ப்பாணத்தில் 1,200க்கு மேல். ஊரின் நடுவே போகிற டொட் ஆறு வருசத்தில் பெரும்பாலும் வெறும் மணல். அந்த மணலிலேயே 1962 முதல் வள்ளப் போட்டி வைக்கிறார்கள். அடித்தட்டு இல்லாத வள்ளத்தை இடுப்பளவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலால் ஓடுவது. 1993இல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் போட்டி நின்றது. இல்லாததை வைத்துச் சேர்ந்து சிரிக்கிற ஊர் அது.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்று. சுற்றுவட்டாரத்து மாட்டுப் பண்ணைகளில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. 1951இல் அந்த ஊரில்தான் வானொலி வழியாகப் பாடம் சொல்லும் பள்ளிக்கூடம் தொடங்கியது. பறக்கும் வைத்திய சேவை நோயாளருக்காகப் பண்ணைகளில் வைத்திருந்த வானொலிக் கருவிகளையே பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்படுத்தினார்கள். நீங்கள் அங்கே போனால் அந்தப் பள்ளிக்கூடத்தை மகனைக் காட்டச் சொல்லுங்கள்.

அவன் வேலை செய்கிற பிரிவு என்ன என்று நீங்கள் எழுதியிருந்ததும் எனக்கு ஒன்று பட்டது. அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு 500 கிலோமீற்றருக்கும் மேலாக மேற்கே கின்டோர் என்ற சின்னக் குடியிருப்பு இருக்கிறது, பிந்துபி மக்களுடையது. சிறுநீரகம் பழுதான அவர்களின் முதியவர்கள் வாரத்தில் மூன்று நாள் மெஷினில் இருக்க வேண்டும். மெஷின் நகரத்தில். அதனால் வீடு வாசலையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு நகரத்தில் வந்து கிடந்தார்கள். ஊருக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் சாவுப் பயத்தையும் விடப் பெரிதாக இருந்தது. அந்தப் பகுதி ஓவியர்கள் சேர்ந்து வரைந்த ஓவியங்கள் 2000ஆம் ஆண்டில் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் போயின. பத்து லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காசில் தொடங்கிய அமைப்புத்தான் இன்று பேர்ப்பிள் ஹவுஸ் என்று அழைக்கப்படுகிறது. பாலைவனக் குடியிருப்புகளுக்கே மெஷினைக் கொண்டுபோய் வைத்தது. மருத்துவத் தொழிலில் இருக்கிற எனக்கு இதைப் போல மனத்தைத் தொட்ட செய்தி குறைவு. வெளியாள் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத நிலம். அதற்குத் திரும்புவதற்காகச் சனம் தங்கள் கைவேலையை விற்று வைத்தியசாலை கட்டியிருக்கிறது. உங்கள் மகன் வேலை செய்கிற பிரிவுக்கு வருகிறவர்கள் இப்படிப்பட்ட ஏக்கத்தோடு வருகிறவர்கள். மெஷினில் நாலைந்து மணித்தியாலம் படுத்திருக்கிறவர் தாதியோடு கதைக்காமல் வேறு என்ன செய்வார்? அந்த நிலத்தை அவன் அவர்களின் கண்ணால் பார்க்கப் பழகியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சொந்த நிலத்தில் இருந்து தள்ளப்பட்ட மக்களின் வறுமையும் குடியும் கோபமும் அந்த ஊரின் தெருவிலேயே தெரியும். 2024 மார்ச்சில் அங்கே நகர மையத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரவு ஊரடங்கு போட்டார்கள். நீங்கள் இணையத்தில் தேடினால் முதலில் இந்தச் செய்திதான் வந்து நிற்கும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பெரிய சத்திரசிகிச்சை என்றால் அடிலெய்டுக்கு விமானத்தில் கொண்டுபோக நேரலாம். எங்கள் சனமும் மெல்பேர்ணோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. இவை எல்லாம் மகனுக்குத் தெரிந்த விசயங்கள், தெரிந்துகொண்டுதான் இருக்கிறான்.

இனி உங்கள் பெரிய பயம். அமைதியை விரும்பி இருக்கிறவனுக்கும் ஆட்களுக்கு ஒளித்து இருக்கிறவனுக்கும் வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் லேசில் தெரியாது. தொலைபேசியில் "சாப்பிட்டியா, நித்திரை கொண்டனியா" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வான். வேறு மாதிரிக் கேளுங்கள். உன் வீட்டுத் திறப்பு இன்னொன்று யாரிடம் இருக்கிறது? நடுச்சாமத்தில் வயிற்றுக்குத்து வந்தால் யாரைக் கூப்பிடுவாய்? போன ஞாயிறு யாரோடு சாப்பிட்டாய்? ஆட்களின் பெயர் தடங்கல் இல்லாமல் வந்தால், அந்தப் பெயர்களுக்குப் பின்னால் கதைகளும் வந்தால், பயப்பட ஒன்றும் இல்லை. "ஒருத்தரும் தேவையில்லை" என்று கதையை முடித்தால், வேலையைத் தவிர ஒன்றிலும் விருப்பம் இல்லை என்றால், நித்திரை குழம்பி, குடி கூடி, இது கிழமைக்கணக்காகத் தொடர்ந்தால், அங்கேயுள்ள குடும்ப வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது எந்த ஊரில் இருந்தாலும் செய்ய வேண்டிய காரியம். மெல்பேர்ணுக்கு வீடு மாறினால் அது தானாகச் சுகமாகாது.

1995ஐ நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போன அந்த இரவையும், ஒரு வீட்டில் எத்தனையோ குடும்பம் நெருக்கியடித்துப் படுத்ததையும் அந்த வயதுப் பிள்ளைக்குச் சொற்களாக ஞாபகம் இருக்காது. ஆனால் என்னிடம் வருகிற அந்த வயதுக்காரர் சிலர் சனநெரிசலும் பெரிய சத்தமும் தாங்காது என்கிறார்கள்; கண்ணுக்கு எட்டிய தூரம் வெளியாக இருக்கிற இடத்தில் மூச்சு இலேசாகிறது என்கிறார்கள். உங்கள் மகனுக்கும் அப்படித்தான் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அப்படி இருந்தாலும், உடம்பு நிம்மதியாக இருக்கிற ஒரு இடத்தை ஒரு பிள்ளை கண்டுபிடித்திருக்கிறான் என்றால் அதைப் பிடுங்க நாங்கள் அவசரப்படக் கூடாது.

நெடுந்தீவை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குறிகட்டுவானில் குமுதினிப் படகில் ஏறி, நல்ல தண்ணீர்க் கிணறு தேடி, பவளக்கல் வேலிகளுக்கும் கட்டைக் குதிரைகளுக்கும் நடுவில் இருந்த காலம். கஷ்டப் பிரதேசம் என்று அரசாங்கம் பட்டியல் போட்ட இடம். அங்கே யார் உங்களுக்குச் சாப்பாடு தந்தார், யார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார் என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? அவனோடு கதைக்க அதைவிட நல்ல தொடக்கம் உங்களிடம் இல்லை. இடமாற்றம் கிடைத்த நாளில் உங்களுக்கு மனம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கலியாண விசயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரை மறைத்துச் சம்பந்தம் பேசாதீர்கள். "மெல்பேர்ணுக்கு வந்துவிடுவான்" என்று தரகருக்குச் சொல்லி வைத்தால், நம்பி வருகிற பிள்ளைதான் பிறகு அழும். எங்கே இருக்கிறான், எவ்வளவு வெயில், எவ்வளவு தூரம், இருக்கத்தான் போகிறான் என்பதை முதல் கதையிலேயே சொல்லுங்கள். பத்து இடம் பின்வாங்கும். தாதியாக, ஆசிரியையாக, கணக்காளராக இருக்கிற ஒரு பிள்ளை, தனக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டால் அதுதான் நல்ல சகுனம்.

இப்போது உங்கள் உடம்பு. எங்கள் ஏப்ரல் வெயில் 33 பாகைதான், ஆனால் காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை காயாது, புழுங்கும். அலிஸ் ஸ்பிரிங்ஸில் கோடை மதியம் சராசரி 36 பாகை, 40க்கு மேலும் போகும். காற்று வறண்டதால் வியர்வை தோலில் தெரிய முன்னமே காய்ந்துவிடும். உடம்பு குளிரும், இலேசாகத்தான் இருக்கும். ஆபத்தும் அதில்தான்: எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரியாது. அறுபது தாண்டினால் தாகமும் சரியாகச் சொல்லாது. சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் காணாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாகத்தைப் பார்த்திருக்காமல் மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு கிழமை வரை எடுக்கும். அதுவரை காலையும் மாலையும் மட்டும் வெளியே போங்கள். தோல் வெடிக்கும், மூக்கு காய்ந்து சில வேளை இரத்தம் கசியும். குளித்தவுடன் தேங்காயெண்ணெய் பூசுங்கள், மூக்குக்கு உப்புத்தண்ணீர்த் துளி கொண்டுபோங்கள். சீனி வருத்தக்காரர் வெறும் காலோடு முற்றத்துக்கும் இறங்கக் கூடாது; சுடுமணல் சுட்டதே தெரியாமல் கொப்பளித்துவிடும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை போக வேண்டாம், அங்கே அதுதான் கடுங்கோடை. ஜூன், ஜூலை பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் 4 பாகைக்கு வந்து, சில விடியலில் பூச்சியத்துக்குக் கீழும் இறங்கும். பாலைவனத்தில் குளிருமா என்று கேட்காமல் கம்பளிச் சட்டையும் கால்மேசும் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் போனால் உடம்பு படிப்படியாகப் பழகும். முதல் தடவை ஆறு மாதம் வேண்டாம், இரண்டு மாதம் போதும். பிடித்தால் அடுத்த வருசம் கூட இருக்கலாம்.

போக முன்னம் கிளினிக்கில் இரத்தத்தில் கிரியேற்றினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) உப்புச் சத்துகளும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் குளிசையோடு சலம் போகிற குளிசையும் தந்திருந்தால், அந்த வெப்பத்தில் அளவு மாற்ற வேண்டுமா என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். குளிசைகளின் மருந்துப் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் தெளிவாகத் தட்டச்சு செய்து டொக்டரின் கையெழுத்தோடு எடுத்துப்போங்கள். இன்சுலினை விமானத்தில் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் உறைந்து பழுதாகலாம். அங்கே வெயிலில் நிற்கிற காருக்குள் ஐந்து நிமிசத்துக்கும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கே நேரம் எங்களை விட நாலு மணித்தியாலம் முந்தியது. அதனால் போகிற அன்றும் வருகிற அன்றும் இரவு ஊசியை எத்தனை மணிக்குப் போடுவது என்று டொக்டரிடம் கேட்டு, அதையும் அந்தக் கடதாசியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.